புலி வருஷத்துப் பிள்ளை

பினாங்குப் பாலம் வருவதற்கு முன்னால் கெலுகோருக்கென்று யாரும் கிளம்பி வந்ததில்லை. தஞ்சோங் பட்டணத்திலிருந்து பாயான் லெப்பாஸ் பக்கம் போகிற மஞ்சள் பஸ், ஜெலுத்தோங்கைத் தாண்டியதும் எங்கள் சடக்கில் ஒருமுறை நின்று நாலு பேரை இறக்கிவிட்டுப் போய்விடும். கிழக்கே கடல், நீர் வற்றும் நேரத்தில் சேறும் சிப்பியுமாகத் தெரியும். மேற்கே மேடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்தப் பக்கமெல்லாம் ஜாதிக்காய்த் தோட்டம் போட்டு வைத்திருந்தாராம். தோட்டமும் போய் துரையும் போய், தாமான் பிரவுன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. தெற்கே பிரிட்டிஷ் பட்டாளம் விட்டுப்போன மிண்டன் முகாம். 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம் 1971இல் அந்த முகாமுக்குள் குடிவந்தபோது அப்பாவுக்கு அங்கே புல் வெட்டுகிற வேலை கிடைத்தது. பட்டாளத்துக்காரன் விட்டுப்போன புல்லை இன்னும் வெட்டி முடியவில்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் கம்பம் சடக்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. கிணற்றுக்கு அப்பால் ஹொக்கியன் சீனர் வீடு, அதற்கும் அப்பால் ஒரு மலாய்க்காரர் வீடு. யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். சண்டையும் அப்படித்தான். மூன்று பாஷையிலும் திட்டத் தெரியாத பிள்ளை அந்தக் கம்பத்தில் இல்லை.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. தண்ணிமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார்கள். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டார்கள். தைப்பூசத்துக்கு எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளை பிறந்தவர்கள் நேர்த்திக்கடனாகக் கரும்பை வளைத்துத் தோளில் தாங்கி, அதில் மஞ்சள் துணித் தொட்டில் கட்டிப் பிள்ளையைச் சுமந்து மலையேறுவார்கள். கரும்புத் தொட்டில் வருகிறபோதெல்லாம் அத்தை எங்கள் கையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். நாங்கள் கூட்டத்தில் தொலையாமல் இருந்தது முருகன் செயல்தான்.

பிள்ளையில்லாத தமிழ் வீட்டில் சீனப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது எங்கள் பக்கத்தில் யாரும் வியந்து பார்க்கிற காரியமில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தலைமுறையாக நடந்து வந்தது. வறுமைப்பட்ட சீனக் குடும்பங்களில் நாலைந்து பெண் பிறந்துவிட்டால் அடுத்த பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள். ஜாதகம் சரியில்லை, தகப்பனுக்கு ஆகாது என்று கொடுப்பதும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சோற்றுக்கும் வழியில்லாமல், உயிருக்கும் உத்தரவாதமில்லாமல் கொடுத்தவர்கள் இன்னும் அதிகம். வாங்கியவர்களில் தமிழர் நிறையப் பேர். பெண் பிள்ளையை மகாலட்சுமி என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகள் மாரியாயி, அஞ்சலை என்று பேர் வைக்கப்பட்டு, பாவாடை கட்டி, பொட்டு வைத்து, தமிழ் பேசி வளர்ந்தார்கள். தமிழனையே கட்டிக்கொண்டு பேரன் பேத்தி எடுத்தார்கள். மலேசியாவில் எந்தத் தமிழ்க் குடியிருப்பிலும் விசாரித்தால் இப்படி ஒரு பாட்டி இல்லாமல் இருக்காது.

எங்கள் கம்பத்திலும் ஒருவர் இருந்தார். எல்லாரும் பெரியம்மா என்போம். ஜப்பான்காரன் வந்த வருஷம் யாரோ கைக்குழந்தையாகக் கொடுத்துவிட்டுப் போனது. சிவந்த முகம், சிறிய கண், நெற்றி நிறைய திருநீறு. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. குலவை போட்டால் சடக்கு வரை கேட்கும். சீனக் கடையில் சாமான் வாங்கப் போனால் கடைக்காரர் ஹொக்கியனில் பேசுவார், பெரியம்மா மலாயில் பதில் சொல்வார், அவர் முறைப்பார். அதைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் கூடப் போவோம்.

பெரியம்மாவிடம் இருந்தது சிவப்பு ஐசி என்கிற அடையாள அட்டை. நீல ஐசி குடிமக்களுக்கு, சிவப்பு ஐசி இங்கே இருக்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்கு என்பது சின்ன வயதிலேயே எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நாளில் பெரியவர்கள் அதைத் தவிர வேறு பேசியதில்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கத் தனி பெர்மிட் வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்திருந்தது. அதற்குப் பிறகு பல ஆயிரம் தமிழர்கள் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். பெரியம்மாவுக்குப் போக ஊர் இல்லை. எந்தச் சீனக் குடும்பம் பெற்றது என்று அவருக்கே தெரியாது. பிறப்புச் சூராட், அதாவது பத்திரம், கிடையாது. கைக்குழந்தையிலிருந்து கெலுகோரிலேயே வளர்ந்தவர், வேலைக்குப் பெர்மிட் கேட்டு வரிசையில் நின்றார்.

1974 சீனர்களுக்குப் புலி வருஷம். கிணற்றுக்கு அப்பால் வீட்டில் ஆ சோவுக்கு அந்த வருஷம் ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தது. புலி வருஷத்துப் பெண் வீட்டை அடித்துவிடும் என்று அந்த வீட்டுக் கிழவி பிரசவத்துக்கு முன்பே புலம்பத் தொடங்கியிருந்தாள். ஆ சோவின் புருஷனும் மாமாவோடு ஹார்பரில் கூலிக்குப் போகிறவர். பினாங்குக்கு இருந்த தீர்வையில்லாத் துறைமுகச் சலுகை 1969இல் போனதிலிருந்து வேலை நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. வாரத்தில் பாதி நாள் இரண்டு பேரும் காலையில் போய்ப் பத்து மணிக்கே திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்பிய ஒரு நாளில், கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டே, அவர் மாமாவிடம் கேட்டார்: "உங்களுக்கு வேணுமா?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. அத்தை உள்ளேயிருந்து சொன்னார்: "வேணும்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. அம்மா தன் பழைய சேலையெல்லாம் கிழித்துத் துண்டு போட்டார். மாமா கூரைச் சட்டத்தில் கொக்கி அடித்து ஸ்பிரிங் புவாய்த் தொட்டில் மாட்டினார். பலம் பார்ப்பதற்காக என்னைத்தான் முதலில் உட்காரவைத்தார்கள். எங்கள் பாட்டி ஒரு படி தவிடு வேண்டும் என்று அடம்பிடித்தார். எடுத்து வளர்க்கிற பிள்ளையைச் சும்மா வாங்கக் கூடாது, தவிடாவது கொடுத்து வாங்கினால்தான் தங்கும் என்பது அவர் ஊர் வழக்கம். கோழித்தீவனக் கடையில் வாங்கிவந்த தவிடு ஒரு மங்கில் தயாராக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. குறும்பு செய்கிற நாளிலெல்லாம், "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அது கேலி என்றுதான் இருந்தேன். இப்போது நிஜமாகவே தவிடு கொடுத்துப் பிள்ளை வாங்குகிறார்கள் என்றதும், அம்மா சொன்னதும் நிஜமாக இருக்குமோ என்ற பயம் வந்துவிட்டது.

பெரியம்மாதான் குறுக்கே விழுந்தார். கொடுக்கல் வாங்கல் வாய்ப்பேச்சில் நடக்கக் கூடாது, சூராட் இல்லாமல் பிள்ளையைத் தொடாதே என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொன்னார். மருத்துவச்சியிடம் சொல்லி அத்தை பெற்றதாகவே பதிந்துவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். பெரியம்மா அதைக் கேட்டதும் தன் சிவப்பு ஐசியைக் கொண்டுவந்து திண்ணையில் போட்டார். "இதான் வாய்ப்பேச்சில வாங்கின பிள்ளை" என்றார். அதற்கு மேல் யாரும் அந்த யோசனையைப் பேசவில்லை.

மாமா சட்டை போட்டுக்கொண்டு லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுப் பக்கம் போனார். ஒரு வக்கீல் கிராணி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாராம். 1952ஆம் வருஷத்துத் தத்துச் சட்டம் இரண்டு இருக்கிறது. ஒன்று கோர்ட்டு வழி. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ளது. பிள்ளை குறைந்தது மூன்று மாதம் வளர்ப்பவர்கள் கையில் இருக்க வேண்டும். பெற்றவர்கள் சம்மதம் எழுதித் தர வேண்டும். பிள்ளைக்கு இது நல்லதா என்று விசாரித்துச் சொல்ல ஆள் போடுவார்கள். அதற்கப்புறம்தான் நீதிபதி உத்தரவு. இன்னொன்று பதிவிலாகா வழி. அதற்குப் பிள்ளை இரண்டு வருஷம் நம்மிடம் வளர்ந்திருக்க வேண்டும். மாமா முதல் வழியைப் பிடித்தார். மூன்று மாதம்தானே என்றார்.

பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் ஆ சோ வீட்டிலிருந்து முறைப்படி நாசி குஞ்ஞிட், கோழிக்கறி, சிவப்புச் சாயம் போட்ட முட்டை, ஆங் கூ எல்லாம் வந்தன. பின்னாலேயே பிள்ளையும் வந்தது. மாமா அங்பாவ் கொடுத்தார். பாட்டி தவிட்டை நீட்டினார். ஆ சோவின் புருஷன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆ சோ வரவில்லை. மூத்த பெண்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தங்கைகள் கூப்பிடுகிறபடி நாங்களும் அவளைத் துவாச்சி என்போம், பெரிய அக்கா என்று அர்த்தம். பிள்ளையை அத்தை கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அத்தையை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மெல்லிய குரல்காரர், தாலாட்டுத் தெரியாதென்பதால் வானொலியில் கேட்ட சினிமாப் பாட்டையெல்லாம் மெதுவாக இழுத்துப் பாடினார். லாக்டோஜன் டின்கள் அலமாரியில் வரிசை கட்டின. மாமா வேலையில்லாமல் திரும்புகிற நாளில்கூட முகம் சுளிக்கவில்லை. புவாயை ஆட்டுகிற வேலை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் நேரே அத்தை வீட்டுக்குத்தான் ஓடுவேன். தவிட்டுப் பிள்ளை பயம் போய்விட்டிருந்தது. எனக்குக் கீழே ஒருத்தி வந்துவிட்டாள் என்ற கௌரவம்தான் மிச்சம்.

ஆனால் கிணறு நடுவில் இருந்தது. ஆ சோ தண்ணீர் இறைக்க வருவார். பிள்ளை அழுதால் வாளி பாதியில் நிற்கும். மார்பை நனைத்த பாலைக் கைத்துண்டால் மறைத்துக்கொண்டு போவார். அத்தை அதைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்துவார்; சாத்திய பிறகு உட்கார்ந்து அழுவார். பாட்டிக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. ராத்திரியில் நத்ரா கதையைச் சொல்லத் தொடங்கினார். டச்சுக்காரப் பெண் ஒன்றை ஒரு மலாய் அம்மா எடுத்து வளர்த்தது, யுத்தம் முடிந்து பெற்றவர்கள் கேட்டு வழக்காடியது, 1950 டிசம்பரில் சிங்கப்பூரில் அதற்காகக் கலகம் வெடித்து பதினெட்டுப் பேர் செத்தது, அந்தப் பெண்ணைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது எல்லாம். "பெத்தவ கண்ணு முன்னால பிள்ளை வளக்கக் கூடாதுடி" என்பார். அத்தை பதில் சொல்லமாட்டார்.

துவாச்சி அந்தச் சமயத்தில்தான் வேலைக்குப் போகத் தொடங்கினாள். பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்திருந்தார்கள். முதலமைச்சர் லிம் சோங் இயூ வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடித் தேடி அழைத்து வந்த காலம். இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, பாஷ் என்று எங்கள் வாயில் நுழையாத பெயர்கள். எல்லாருக்கும் வேண்டியிருந்தது பெண்கள். சின்ன வயது, கூர்மையான கண், நடுங்காத விரல். பூதக்கண்ணாடிக்குள் பார்த்துத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சின்னஞ்சிறு சில்லில் ஒட்ட வேண்டும் என்று துவாச்சி சொல்வாள். விடிவதற்கு முன் கிலாங்கின், அதாவது தொழிற்சாலையின், பஸ் சடக்கில் வந்து ஹாரன் அடிக்கும். கம்பத்துப் பெண்கள் ஈரத் தலையோடு ஓடுவார்கள். கெடாவிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் சுங்கை டூவா, சுங்கை நிபோங் பக்கம் அறை எடுத்துத் தங்கத் தொடங்கினார்கள். அதுவரை ஆண்கள் மட்டும் வேலைக்குப் போய்ப் பாதி நாளில் திரும்புகிற ஊராக இருந்தது, பெண்கள் மூன்று ஷிப்ட்டில் சம்பளம் கொண்டுவருகிற ஊராகிவிட்டது.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியபோது ஒரு சாயங்காலம் துவாச்சி வந்தாள். கூடத் தாயோ தகப்பனோ இல்லை. கிலாங் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மாமா கொடுத்த அங்பாவைப் பிரிக்காமல் அப்படியே மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் தன் சம்பளக் கவரை வைத்தாள். மலாயும் தமிழும் கலந்து அவள் சொன்னதன் சாரம் இதுதான்: பிள்ளைக்கு இதுவரை ஆன பால் செலவை இதில் எடுத்துக்கொள்ளுங்கள், தங்கைக்கு இனி நான் சோறு போடுவேன், அம்மா சூராட்டில் கைநாட்டுப் போடமாட்டாள்.

அவளுக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். மாமா சம்பளக் கவரைத் தொடவில்லை. அங்பாவை மட்டும் எடுத்துக்கொண்டார். அத்தை புவாயிலிருந்து பிள்ளையைத் தூக்கி, முகம் துடைத்து, பவுடர் போட்டு, பால் டின்களையும் துணிகளையும் ஒரு பையில் கட்டி, தானே கிணற்றைச் சுற்றிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். சட்டம் ஆ சோ பக்கம்தான், சம்மதம் எழுதாதவரை ஒன்றும் செய்ய முடியாது என்று கிராணி சொன்னதை மாமா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி கொடுத்த தவிட்டை ஆ சோ வீட்டுக் கோழிகள் எப்போதோ தின்று முடித்திருந்தன.

கதை இங்கே முடிந்திருந்தால் துக்கக் கதைதான். அத்தை கொஞ்ச நாள் கிணற்றுப் பக்கமே வரவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். மாமா புவாயைக் கழற்றப் போனபோது, "கெடக்கட்டும் விடுங்க" என்றார். கம்பத்தில் ஆளாளுக்கு ஒரு ஆறுதல் சொன்னார்கள். பிள்ளையைத் தூக்கின கை ராசியில் சொந்தமாகவே ஒன்று பிறக்கும் என்றார்கள். அதெல்லாம் சினிமாவில் நடக்கும். அத்தைக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை.

நடந்தது வேறு. துவாச்சி தன் கிலாங் கேன்டீனில் அம்மாவுக்கும் வேலை வாங்கிவிட்டாள். இரண்டு சம்பளம் வந்தால் தங்கைகள் பள்ளிக்கூடம் போகலாம். ஆனால் கைப்பிள்ளையை என்ன செய்வது? கிழவி புலிப் பிள்ளையைத் தொடமாட்டாள். ஒரு நாள் விடியற்காலை, பஸ் வருகிற நேரம், ஆ சோ பிள்ளையோடு அத்தை வீட்டு வாசலில் நின்றார். கூப்பிடவும் இல்லை, போகவும் இல்லை. பாட்டிதான் பார்த்தார். இளவயதில் கெடாவில் ஒரு தோட்டத்தில் இருந்தபோது பால்மரம் வெட்டப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாவாக இருந்தவர் அவர். நேரே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "போ, போ, பஸ்ஸு போயிரும்" என்று தமிழிலேயே விரட்டினார். பிறகு உள்ளே கொண்டுபோய் அத்தை மடியில் போட்டார். "பெத்தவளும் இருக்கட்டும், நீயும் இரு. பிள்ளைக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு மேல் ஆ சோ வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார். மறுநாள் விடிகாலை மறுபடி கொண்டுவருவார். மாதம் முடிந்ததும் துவாச்சி இருபது வெள்ளி கொண்டுவந்து வைத்தாள். அத்தை வாங்க மறுத்தார். துவாச்சி பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பாட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

பிறகு ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாயிற்று. எதிர்வரிசைத் தமிழ்ப் பெண் ஒருத்தி கிலாங்கில் சேர்ந்தாள்; அவள் பையன் வந்தான். சுங்கை டூவாவில் குடியிருந்த மலாய்த் தம்பதி இரண்டு பேருக்கும் ஷிப்ட். அவர்கள் மகள் வந்தாள். மலாய்ப் பிள்ளைக்கென்று அத்தை தனிச் சட்டி, தனித் தட்டு வைத்திருந்தார். அதற்குக் கோழி போடமாட்டார். பருப்பும் மீனும் முட்டையும்தான். சீனப் பிள்ளைகள் கஞ்சியில் ஊறுகாய் தொட்டுச் சாப்பிடப் பழகின. பாட்டி எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பார். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் நடந்தது அப்படியே கெலுகோரில் நடந்தது. வித்தியாசம், அங்கே தாய்மார்கள் போனது ரப்பர்க்காட்டுக்கு, இங்கே போனது குளிர்சாதனம் போட்ட கிலாங்குக்கு.

ஹார்பரில் மாமாவுக்கு வேலை மேலும் குறைந்துகொண்டே போன வருஷங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அத்தையின் வருமானத்தில்தான். ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கப் போதுமா என்று எண்ணி எண்ணிப் பார்த்த வீட்டுக்குப் பல பிள்ளைகள் சேர்ந்து சோறு போட்டார்கள். மாமா வேலையில்லாத நாளில் புவாய் ஆட்டினார், பால் கரைத்தார், மூக்குத் துடைத்தார். ஹார்பர்க்காரர்கள் கிண்டல் செய்தார்கள். மூட்டையைவிட இது கனம் குறைவுதான் என்றார் மாமா.

அந்தக் கூட்டத்தில் முதல் பிள்ளை, புலி வருஷத்துப் பிள்ளை, எங்களோடு எங்களாக வளர்ந்தாள். நான் கூப்பிடுவதுபோலவே அவளும் அத்தை என்றுதான் கூப்பிட்டாள். பெற்றவளை மா என்பாள். சீனப் பள்ளிக்கூடம் போனாள். பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்து என் பழைய தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டினாள். தைப்பூசத்துக்கு அத்தை கையைப் பிடித்துக்கொண்டு தண்ணிமலைக்கு வருவாள். அங்கே ஆ சோவும் வெள்ளி ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கச் சீனர் கூட்டத்தோடு நிற்பார். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பிறக்கிற ராத்திரி, வானத்து ராஜாவுக்கு ஹொக்கியன் வீடுகளில் கரும்பு கட்டிப் படையல் வைப்பார்கள். கட்டிய கரும்பில் ஒரு துண்டு மறுநாள் அத்தை வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு வீட்டுச் சாமிக்கும் கரும்பு பிடிக்கும் என்பதால் அவளுக்கு எந்தச் சாமியிடமும் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள் நாலைந்து வயதாக இருக்கும்போது துவாச்சிக்குக் கல்யாணம் ஆயிற்று. ஹொக்கியன் முறைப்படி கல்யாணப் பெண் பெரியவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து வணங்க வேண்டும். சொந்தக்காரர்கள் வரிசையில் மாமாவையும் அத்தையையும் உட்காரவைத்தாள். அத்தை அன்றைக்குத்தான் அந்தப் பழைய சம்பளக் கவர் விஷயத்தைப் பேசினார். "அன்னைக்கு உம்மேல எனக்கு அவ்வளவு கோவம்" என்றார். துவாச்சி தமிழில் சொன்னாள்: "தெரியும் அத்தை. அதான் காசைப் பாட்டிகிட்ட குடுத்தேன்." அவள் பிள்ளைகளும் பின்னாளில் அதே புவாயில்தான் தூங்கின.

1982இல் பாலம் கட்டத் தொடங்கினார்கள். எங்கள் கரையிலிருந்து பிறை வரைக்கும் பதிமூன்றரை கிலோமீட்டர். 1985 செப்டம்பரில் அதிகாரப்பூர்வமாகத் திறந்தபோது யாரும் வந்து நிற்காத கெலுகோர் வழியாகத்தான் தீவுக்கே வண்டிகள் வந்தன. நில விலை ஏறியது. கம்பத்துக் கிணறு மூடப்பட்டது. ஆளுக்கொரு பக்கமாக அடுக்குமாடிக்குப் போனோம். அத்தையும் ஆ சோவும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பிளாக்கில் வீடு எடுத்தார்கள். அங்கேயும் அத்தை பிள்ளை பார்த்தார், முழங்கால் விடுகிற வரைக்கும்.

பாலம் திறந்த மறுவருஷம் புலிப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. பிறப்புச் சூராட்டை எடுத்துக்கொண்டு போய், பெற்றவர்கள் பெயரோடு, நீல ஐசி எடுத்து வந்தாள். பெரியம்மா அதை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். பெரியம்மா கடைசி வரை சிவப்பு ஐசிதான். மனுவுக்கு மேல் மனுப் போட்டும், எங்கே பிறந்தாய், யாருக்குப் பிறந்தாய் என்ற கேள்வியைத் தாண்ட முடியவில்லை. அவரை வளர்த்தவர்கள் அன்பில் குறை வைக்கவில்லை. காகிதத்தில் வைத்த குறை ஒரு ஆயுள் முழுக்க அவரைத் துரத்தியது.

தத்து நடக்காமல் போனதால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று இப்போது கணக்குப் பார்த்தால், அந்தக் கணக்கில் அத்தைக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும் பங்கு வருகிறது. ஆ சோ மகளை இழக்கவில்லை. அந்த மகள் அக்காமார் நாலு பேரையும் இழக்கவில்லை. அத்தைக்கு ஒரு பிள்ளைக்குப் பதில் ஒரு தெரு நிறையப் பிள்ளைகள். மாமாவுக்குக் கௌரவத்தோடு ஒரு வேலை. எனக்கு ஹொக்கியன் பாஷை. அத்தை பட்ட வேதனை பொய்யில்லை. அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி அழுததற்கு இதெல்லாம் ஈடு என்று நான் சொன்னால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். இரண்டும் நடந்தன என்றுதான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளையைக் கொடுத்துவிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் நின்றுபோனதற்கு உபதேசம் காரணம் இல்லை. அக்கா சம்பளம் கொண்டுவந்தாள்; தங்கை வீட்டில் தங்கினாள். பெண் சம்பாதிக்கிற வீட்டில் பெண்ணைக் கொடுக்க யாருக்கும் மனசு வராது, தேவையும் வராது. புலி வருஷம் அதற்குப் பிறகும் வந்தது. எங்கள் கம்பத்துச் சீனர் வீடுகளில் யாரும் பிள்ளையைக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

பிள்ளை எடுத்து வளர்க்கிறவர்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள். வாய்ப்பேச்சில் வாங்கி வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். 1952 சட்டங்கள் இரண்டும் இன்னும் நடப்பில் உள்ளன. கோர்ட்டு வழியோ பதிவிலாகா வழியோ, பிள்ளை சின்னதாக இருக்கும்போதே போய்ப் பதியுங்கள். பெற்றவர் பெயர் தெரிந்தால் மறைக்காமல் எழுதிவையுங்கள், பிறப்புச் சூராட்டைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம், ஐசி எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்டதற்கு விலை கொடுப்பது நீங்கள் இல்லை, அந்தப் பிள்ளைதான்.